நிலம் வளருமா? மேய்ச்சல் வெளியும் இரண்டாம் போகமும்

மந்தைவெளி பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் மாடு மேய்ந்த இடம் என்று சொல்ல ஒரு தடயமும் இல்லை. ஊர்ப்பெயர் மட்டும்தான் மிச்சம். மந்தை நின்ற வெளி, அதனால் மந்தைவெளி. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இந்தப் பெயரில் ஒரு திடல் உண்டு. காலையில் வீட்டுக்கு வீடு மாட்டை அவிழ்த்துவிட்டால் எல்லாம் அங்கே வந்து சேரும், மேய்ப்பவர் ஓட்டிக்கொண்டு போவார். சென்னையில் இருந்த அந்த வெளி வீடாகிவிட்டது. வேறு பல ஊர்களில் அது வயலாகிவிட்டது.

போன சித்திரையில் உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போனோம். செங்கல்பட்டைத் தாண்டியதும் சாலைக்கு இரண்டு பக்கமும் அறுத்துப்போட்ட தாளோடு வெறும் கழனி. எட்டாவது படிக்கும் என் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவள், "ஏம்மா இவ்வளவு இடம் சும்மா கிடக்கு? இதுல ஏதாவது போட்டா எவ்வளவு விளையும்?" என்றாள். அன்று என்னால் அவளுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். உலகத்தில் வேளாண்மைக் கணக்குப் போடுகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்பது தெரிந்தது. காட்டை வெட்டாமல் பயிர்ப் பரப்பைக் கூட்ட வழி இருக்கிறதா?

இரண்டு வழிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒன்று, மாடு மேயும் புல்வெளியை உழுது பயிர் வைப்பது. நம் பழைய திணைக் கணக்கில் சொன்னால் முல்லையை மருதமாக்குவது. இன்னொன்று, ஏற்கெனவே ஒரு போகம் விளையும் நிலத்தில் அதே வருடத்தில் இன்னொரு போகம் எடுப்பது. முதல் வழியில் பரப்பு இடத்தில் கூடுகிறது. இரண்டாவது வழியில் காலத்தில் கூடுகிறது. எளிமையாகத் தெரியும் இந்த இரண்டாவது வழிக்குள்தான் விஷயம் நிறைய இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏக்கரோடு நாளையும் எண்ணுங்கள்

நிலத்தை ஏக்கரில் எண்ணித்தான் நமக்குப் பழக்கம். சென்னைக்காரர்களுக்கு அதுவும் இல்லை, கிரவுண்ட்தான். புள்ளிவிவரங்கள் எல்லாம் ஹெக்டேரில் வருவதால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு ஹெக்டேர் என்பது கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர், அதாவது 45 கிரவுண்ட்.

பயிருக்கு இடம் மட்டும் போதாது, நாளும் வேண்டும். ஒரு ஏக்கர் கழனியை ஒரு வருடத்துக்கு 365 நாள் வாடகைக்கு எடுத்த வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். பழைய நீண்டகால சம்பா ரகம் ஐந்து மாதத்துக்கு மேல் குடியிருக்கும். சி.ஆர். 1009 என்ற ரகத்தை எடுத்துக்கொண்டால் 155 நாளுக்குக் குறையாது. அது காலிசெய்த பிறகு நிலத்தை உழுது, பரம்படித்து, அடுத்த பயிரை வைப்பதற்குள் ஏரியில் தண்ணீர் இறங்கிவிடும். ஆகவே ஒரு போகம்தான். இதே கழனியில் 110 நாளில் முடியும் ஆடுதுறை 43 போன்ற ரகத்தை வைத்தால் ஒன்றரை மாதம் மிச்சமாகிறது. இரண்டாம் போகம் பிறப்பது இப்படி மிச்சம் பிடித்த நாட்களில்தான்.

அரசுப் புள்ளிவிவரத்தில் இதற்கு இரண்டு அளவுகள் உண்டு. வருடத்தில் ஒரு முறையாவது பயிர் கண்ட நிலத்தின் அளவு நிகர சாகுபடிப் பரப்பு. ஒரே நிலத்தில் இரண்டு முறை பயிர் வைத்தால் இரண்டாக, மூன்று முறை வைத்தால் மூன்றாக எண்ணிக் கூட்டுவது மொத்த சாகுபடிப் பரப்பு. மொத்தத்தை நிகரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது பயிர்ச்செறிவு. ஊர் முழுக்க ஒரு போகம் என்றால் 100, எல்லா நிலத்திலும் இரு போகம் என்றால் 200.

இந்தியாவின் கணக்கை இந்தக் கண்ணோடு பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. 1950-51ல் நிகரப் பரப்பு சுமார் 11.9 கோடி ஹெக்டேர், மொத்தப் பரப்பு 13.2 கோடி, செறிவு 111. 2021-22ல் நிகரம் 14.1 கோடி, மொத்தம் 21.9 கோடி, செறிவு 155. எழுபது வருடத்தில் மொத்தப் பரப்பு 8.7 கோடி ஹெக்டேர் கூடியிருக்கிறது. அதில் புதிதாக உழப்பட்ட நிலம் 2.2 கோடிதான். மீதி 6.5 கோடி, ஏற்கெனவே உழுத நிலத்திலேயே மறுபடி பயிர் வைத்ததால் வந்தது. நிகரப் பரப்பு 1970களிலிருந்தே 14 கோடியை ஒட்டி அப்படியே நிற்கிறது. நம் மக்கள்தொகை இரண்டு மடங்குக்கு மேல் பெருகிய காலம் இது. அதாவது நாம் இடத்தில் வளரவில்லை, நாட்களுக்குள் வளர்ந்திருக்கிறோம்.

பெயரிலேயே இருக்கும் அறிவு

இதைத் தமிழ்நாட்டு விவசாயிக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் சித்தப்பா ஊர்ப் பக்கம், அதாவது காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில், நெல்லுக்கு மூன்று பட்டம்: சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரி, ஆடி ஆவணியில் தொடங்கும் சம்பா, மார்கழி தையில் தொடங்கும் நவரை. காவிரிப் படுகையில் குறுவை, சம்பா, தாளடி. குறுவை குறுகிய நாளில் முடியும் பயிர். அதன் தாளை மடக்கி உழுதுவிட்டு நடுவது தாளடி. எது முந்தி, எது பிந்தி, எது எதன் தாள் மேல் நிற்கிறது என்பதெல்லாம் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

நாற்றங்காலையும் இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். ஒரு ஏக்கர் நடவுக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் போதும். நாற்று அங்கே 25 நாள் வளரும்போது மீதி நிலத்தில் முந்தைய பயிர் கதிர் முற்றிக்கொண்டிருக்கும். எட்டு சென்ட்டைக் கொடுத்து ஏக்கர் முழுவதற்கும் 25 நாள் வாங்குகிறோம். நடவு நட்டால் களை குறையும் என்று மட்டுமே நான் நினைத்திருந்தேன். அது நாளை மிச்சம் பிடிக்கும் தந்திரமும்கூட.

தஞ்சையில் இரு போகப் பரப்பு பெரிதாக விரிந்ததற்கு 1960களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஆடுதுறை 27 ரகம் ஒரு முக்கியக் காரணம். சுமார் 105 நாளில் முடிந்துவிடும். குறுவையாக அதை வைத்து, மழைக்கு முன் அறுத்து, தாளடியும் நட முடிந்தது. விதையின் வயதைக் குறைப்பது நிலத்தின் பரப்பைக் கூட்டுவதற்குச் சமம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: நெல் தரிசுப் பயறு. சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் இருக்கும்போது, நெல் நிற்கிற வயலிலேயே உளுந்தையோ பாசிப்பயறையோ விதைத்துவிடுவார்கள். மண் மெழுகுப் பதமாக இருக்க வேண்டும். கால் வைத்தால் அழுந்த வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. நெல்லை அறுக்கும்போது பயறு இரண்டு இலை விட்டிருக்கும். பிறகு உழவு கிடையாது, பாசனம் கிடையாது. மண்ணில் மிஞ்சிய ஈரமும் தை மாசிப் பனியுமே தண்ணீர். 70, 75 நாளில் காய் பறிக்கலாம். இதற்கென்றே ஆடுதுறை 3 என்ற உளுந்து ரகம் உண்டு. ஒரு சொட்டுப் புதுத் தண்ணீர் கேட்காத இரண்டாம் போகம் இது. போதாததற்கு, பயறின் வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குப் பிடித்துக் கொடுக்கிறது.

இதுவும் இப்போது சுருங்கி வருகிறது. அறுவடை இயந்திரம் இறங்கினால் அதன் சக்கரமும் பட்டையும் முளைத்த பயறை நசுக்கிவிடும். கையால் அறுக்க ஆள் கிடைப்பதில்லை. காவிரித் தண்ணீர் தாமதமானால் சம்பா தாமதமாகும், சம்பா தாமதமானால் பயறுக்கு வேண்டிய பனிக்காலம் போய்விடும். மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. 2022ல் மே 24 அன்றே திறந்தார்கள், 2024லோ ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் இரண்டு மாதத்துக்கு மேல். ஒரு குறுவைப் பயிரின் ஆயுளில் பாதிக்கு மேல் அது.

பிரேசிலில் நடந்தது

உலகத்தில் இந்த இரண்டு வழிகளையும் ஒரே சமயத்தில் பெரிய அளவில் செய்துகாட்டிய நாடு பிரேசில். அதன் நடுப்பகுதியில் செராடோ என்ற மரம் கலந்த புல்வெளி, சுமார் 20 கோடி ஹெக்டேர். மழைக்குக் குறைவில்லை, தரையும் சமதளம். ஆனால் மண் புளித்த மண். அமிலமும் அலுமினியமும் அதிகம் இருந்ததால் வேர் இறங்காது. ரொம்ப காலத்துக்கு அது மாடு விடும் இடமாகவே இருந்தது. 1973ல் தொடங்கிய எம்ப்ராபா என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனமும் மற்றவர்களும் அங்கே சுண்ணாம்பையும் பாஸ்பரஸையும் கொட்டி மண்ணின் புளிப்பை மாற்றினார்கள். குளிர்நாட்டுப் பயிரான சோயாவை வெப்பநாட்டுப் பகல் நீளத்துக்கு ஏற்ற ரகமாக மாற்றினார்கள்.

அடுத்து நாட்களை மிச்சம் பிடித்தார்கள். அங்கே மழை செப்டம்பர், அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை நீளும். குறைந்த நாள் சோயாவை முதல் மழைக்கு விதைத்து ஜனவரி, பிப்ரவரியில் அறுக்கிறார்கள். அறுவடை இயந்திரம் முன்னால் போக, விதைக்கும் இயந்திரம் அதே நாளில் பின்னாலேயே வந்து மக்காச்சோளத்தை விதைக்கும். உழவு கிடையாது. நம் தரிசுப் பயறின் தத்துவமேதான், இயந்திர அளவில். அந்த இரண்டாம் போகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் சஃப்ரீனா, "குட்டி அறுவடை" என்று பொருள். 1980களில் பெயருக்கேற்ப குட்டியாகத்தான் இருந்தது. இன்று பிரேசிலின் மக்காச்சோளத்தில் முக்கால் பங்கு அந்தக் குட்டி அறுவடையில்தான் வருகிறது.

இந்தியா இறக்குமதி செய்யும் சோயா எண்ணெயில் பெரும்பங்கு அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருகிறது. மந்தைவெளி மளிகைக் கடையில் நான் வாங்கும் பாக்கெட்டுக்குள் முன்பு மாடு மேய்ந்த ஒரு வெளி இருக்கலாம். அந்த வெளிக்கு என்ன ஆகிறது என்பது நம் அடுக்களைக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

இப்போது பிரேசிலில் மேய்ச்சல் நிலம் மட்டும் சுமார் 16 கோடி ஹெக்டேர், மாடுகள் சுமார் 23 கோடி. ஒரு ஹெக்டேருக்கு ஒன்றரை மாடுகூட இல்லை. 45 கிரவுண்ட் இடத்தில் ஒன்றோ இரண்டோ மாடு நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். அதில் பெரும்பகுதி பல வருடம் உரமே காணாமல், புல் தேய்ந்து, கரையான் புற்று எழும்பிக் கெட்டுப்போன நிலம். அதையே சரிசெய்து, நல்ல புல் போட்டு, ஹெக்டேருக்கு இரண்டு மாடு என்று வைத்தால் அதே 23 கோடி மாட்டுக்கு 11.5 கோடி ஹெக்டேர் போதும். மாடு ஒன்றுகூடக் குறையாமல் நாலரை கோடி ஹெக்டேர் கையில் மிஞ்சுகிறது. காட்டில் ஒரு மரமும் விழவில்லை. காகிதத்தில் இவ்வளவு அழகான கணக்கு வேளாண்மையில் அபூர்வம். 2023 டிசம்பரில் பிரேசில் அரசு, பத்து வருடத்தில் 4 கோடி ஹெக்டேர் வரை கெட்டுப்போன மேய்ச்சல் நிலத்தை மீட்டுப் பயன்படுத்தும் திட்டத்தை அறிவித்தது இந்த அடிப்படையில்தான்.

கணக்கு எங்கே இடிக்கிறது

உலகத்து வேளாண் நிலம் சுமார் 480 கோடி ஹெக்டேர். அதில் பயிர் நிற்பது மூன்றில் ஒரு பங்குதான். மீதி இரண்டு பங்கு மேய்ச்சல் நிலம். இதைக் கேட்டதும், "அப்படியானால் இடத்துக்கா பஞ்சம்?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த மேய்ச்சல் நிலத்தில் பெரும்பகுதி மேய்ச்சலுக்கு விடப்பட்டதற்கே காரணம் இருக்கிறது. மழை போதாது, சரிவு அதிகம், குளிர் அதிகம், அல்லது அரை அடிக்குக் கீழே பாறை. செராடோவைப் போல மழையும் சமதளமும் சேர்ந்து அமைந்த புல்வெளி உலகில் கொஞ்சம்தான்.

மழை குறைந்த புல்வெளியை உழுதால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்தில் இரண்டு பெரிய பாடங்கள் உண்டு. அமெரிக்காவின் தெற்குச் சமவெளியில், முதல் உலகப்போர்க் காலத்துக் கோதுமை விலையைப் பார்த்துப் புல்வெளியை உழுது தள்ளினார்கள். 1930களில் வறட்சி வந்தபோது மண்ணைப் பிடித்துக்கொள்ள வேர் இல்லை. 1935 ஏப்ரல் 14 அன்று எழுந்த புழுதிப் புயலில் பகல் இருண்டது. அந்த நாளுக்குக் "கருப்பு ஞாயிறு" என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதற்கு இருபது வருடம் கழித்து, 1954ல், சோவியத் தலைவர் குருஷேவ் கஜகஸ்தானிலும் மேற்குச் சைபீரியாவிலும் கன்னி நிலங்களை உழும் இயக்கத்தைத் தொடங்கினார். சில வருடங்களில் சுமார் 4 கோடி ஹெக்டேர் உழப்பட்டது. 1956ல் அமோக விளைச்சல். 1960களின் தொடக்கத்தில் மண் காற்றில் பறக்கத் தொடங்கியது.

புல் என்பது பார்வைக்குத் தெரிவதைவிட மண்ணுக்குள்ளேதான் அதிகம். வேராகவும் மக்காகவும் பல நூறு வருடம் சேர்த்துவைத்த கரிமம் அங்கே இருக்கிறது. ஏர் இறங்கியதும் காற்றுப் பட்டு, நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரியமில வாயுவாக வெளியே விடுகின்றன. மரம் வெட்டப்பட்டால் கண்ணுக்குத் தெரியும், வெட்டியவரைக் கேள்வி கேட்கலாம். இந்த இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. கெட்டுப்போன மேய்ச்சல் நிலத்தில் இழக்க அவ்வளவு கரிமம் மிச்சமில்லை என்பதால் அதை மாற்றுவதில் சேதம் குறைவு. நல்ல இயற்கைப் புல்வெளிக்கு அந்த நியாயம் பொருந்தாது. இரண்டையும் "மேய்ச்சல் நிலம்" என்ற ஒரே தலைப்பில் கூட்டிப்போடும் எந்தக் கணக்கையும் நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். செராடோவிலும் இயற்கை வெளியில் கிட்டத்தட்ட பாதி அழிந்தாயிற்று.

இன்னொரு சிக்கல் மாட்டுக்காரரிடம் இருக்கிறது. புல்வெளியை நல்ல விலைக்குச் சோயாக்காரருக்கு விற்றவர், அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு அமேசான் ஓரத்தில் மலிவாக நிலம் வாங்கினால்? அப்போது சோயா காட்டைத் தொடவில்லை, சோயாவால் தள்ளப்பட்ட மாடுதான் காட்டுக்குள் போகிறது. காடழித்த நிலத்துச் சோயாவை வாங்கமாட்டோம் என்று 2006ல் வணிக நிறுவனங்கள் செய்த உடன்பாடு நல்ல பலன் கொடுத்தது. அதன்பின் அமேசானில் சோயா பெரும்பாலும் பழைய மேய்ச்சல் நிலத்திலேயே விரிந்தது. ஆனால் மாட்டுக்கு அப்படி ஒரு இறுக்கமான கட்டுப்பாடு இல்லாதவரை கணக்கு பாதிதான் நேராகும்.

இரண்டாம் போகம் குடிக்கும் தண்ணீர்

பயிர்களை நாட்களுக்குள் நெருக்கி வைப்பதிலும் விலை உண்டு. பஞ்சாபில் நெல்லும் கோதுமையும் மாறி மாறி வருடம் முழுக்க நிற்கின்றன. நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போனதால் 2009ல் ஒரு சட்டம் போட்டார்கள்: ஜூன் 10க்கு முன் நெல் நடக் கூடாது. தண்ணீருக்கு நல்லது. ஆனால் நடவு பிந்தியதால் அறுவடையும் பிந்தியது. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவில் இரண்டு, மூன்று வாரம்தான் மிச்சம். அந்தக் குறுகிய இடைவெளியில் வயலைக் காலிசெய்ய மலிவான வழி, தாளைக் கொளுத்துவது. ஐப்பசி கார்த்திகையில் தில்லியை மூடும் புகைக்குள் இந்த நாள் நெருக்கடியும் இருக்கிறது. விவசாயியை மட்டும் திட்டுகிறவர்கள் அந்த நாட்காட்டியை ஒரு முறை பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

நம் கதையும் தண்ணீரில்தான் முடிகிறது. சென்னையைச் சுற்றிய மாவட்டங்களில் வருட மழை 1,200, 1,400 மில்லிமீட்டர் பெய்தாலும் அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதத்தில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். இயற்கை இங்கே கொடுத்தது ஒரு போகம். அதை இரண்டாக்கியது ஏரி. மதுராந்தகம் போன்ற ஏரிகள் ஐப்பசி மழையைப் பிடித்து மாசி பங்குனிக் கழனிக்குக் கொடுக்கின்றன. நவரை என்பது ஏரி விளைவிக்கும் பயிர்.

அந்த ஏரித் தண்ணீரில் ஒரு பங்கை நாம் குடிக்கிறோம். ஒரு காலத்தில் கழனிக்குப் பாய்ந்த செம்பரம்பாக்கம் ஏரி இன்று சென்னையின் குழாயில் வருகிறது. 2004லிருந்து கடலூர் மாவட்டத்து வீராணமும் சேர்ந்துகொண்டது. வறட்சி வந்த வருடங்களில் வடக்கே ஆரணியாறு, கொசஸ்தலையாறு பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்தும் நகரத்துக்குத் தண்ணீர் வாங்கினார்கள். மீஞ்சூர் பக்கம் அதிகம் இறைத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. உவர் ஏறிய கிணற்றில் ஒரு போகமே சந்தேகம். "இந்த மாவட்டத்தில் இவ்வளவு ஏக்கர் இரு போகமாக்கலாம்" என்று ஒரு அறிக்கை சொல்லும்போது, அந்தத் தண்ணீரை இப்போது யார் குடிக்கிறார்கள் என்றும் அதே அறிக்கை சொல்ல வேண்டும். சென்னையில் குழாயைத் திறக்கும் எனக்கு இதைக் கேட்கும் கடமை கூடுதலாக இருக்கிறது.

வெளி என்றால் வெறுமை இல்லை

"தரிசு", "புறம்போக்கு" என்று கேட்டாலே வீணாகக் கிடக்கும் இடம் என்று நமக்குப் பழகிவிட்டது. பள்ளிக்கரணைக் கழுவெளியை வருவாய்ப் பதிவேடு பல காலம் தரிசு என்றே எழுதி வைத்திருந்தது. அதில் பெரும்பகுதியை நிரப்பிக் கட்டிடம் எழுப்பிய பிறகு, வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு, 2022ல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற சதுப்புநிலம். மேய்க்கால் புறம்போக்குக்கும் இதே கதிதான். நிலமில்லாத வீட்டு மாடும் ஆடும் மேய இருந்த ஒரே இடம் அது. அதை உழுதால் பயிர்ப் பரப்பு கூடும், அந்த வீட்டுப் பால் நின்றுபோகும்.

மழை குறைந்த இடத்தில் புல்லைப் புல்லாகவே வைத்திருப்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று பார்க்க காங்கேயம் பக்கத்தில் கொரங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலத்துக்குப் போக வேண்டும். கிளுவை முள்வேலி, நடுவில் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல் மரம். மரத்தின் காயும் தீவனம், நிழலும் மாட்டுக்கு. ஏர் ஓட்டாமல், கிணறு தோண்டாமல் காங்கேயம் மாட்டை அது வளர்த்தெடுத்தது. நம் நகரத்திலேயே கிண்டி தேசியப் பூங்காவில் வெளிமான் நிற்கிறது. காட்டு மான் இல்லை அது, பெயரே சொல்கிறது, வெளியில் வாழ்கிற மான். புல்வெளி போனால் அதுவும் போய்விடும்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், எனக்கு நம்பிக்கை அதிகம் இருப்பது இரண்டாம் போகத்தின் மீதுதான். அதிலும் புதுத் தண்ணீர் கேட்காத தரிசுப் பயறு, எள் போன்றவற்றின் மீது. ஆள் நடந்து அறுத்த காலத்து முறையை இயந்திரக் காலத்துக்கு ஏற்றபடி மாற்ற ஆராய்ச்சி வேண்டும். பயறை நசுக்காத சக்கரம், அறுவடைக்குப் பின் விதைத்தாலும் பிடித்துக்கொள்ளும் ரகம், இவற்றுக்குச் செலவழிக்கும் பணத்தின் பலன் எந்த அணையின் பலனுக்கும் குறைந்ததில்லை. மேய்ச்சல் நிலத்தை மாற்றுவது பிரேசிலின் கெட்டுப்போன வெளிகளில் நியாயம். தமிழ்நாட்டில் அப்படி உழுவதற்கென்று மிச்சமிருக்கும் வெளி மிகக் குறைவு. நமக்குப் பொருந்துவது அந்தக் கணக்கின் இன்னொரு பாதி: கம்பு நேப்பியர் போன்ற தீவனத்தை நாலு சென்ட்டில் வளர்த்து 45 நாளுக்கு ஒரு முறை அறுத்துப் போட்டு, மேய்ச்சல் வெளியின் மேல் விழும் பாரத்தைக் குறைப்பது.

சித்தப்பாவிடம் மகளின் கேள்வியை அன்றைக்கே கேட்டேன். சிரித்தார். "சும்மா கெடக்குதுன்னு பஸ்ஸுல போறவங்க சொல்வாங்க கண்ணு. தெக்கேருந்து கெடைக்காரங்க வந்துட்டாங்க. ராவுக்கு நம்ம கழனிலதான் ஆடு அடையும்" என்று அவளிடம் சொன்னார். சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தாளுக்கு நடுவில் முளைத்த புல்லை மேய்ந்து முடித்து முந்நூறு, நானூறு ஆடு ஒன்றாக ஒண்டிப் படுத்திருந்தன. ஒரு ராத்திரிக் கிடைக்கு அவர்களுக்குக் காசு கொடுக்கிறார் சித்தப்பா. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் விழுந்த கழனியில் அடுத்த சம்பாவுக்கு யூரியா பாதி போதுமாம். எல்லோரும் கோடையிலும் பயிர் வைத்துவிட்டால் அந்த ஆடுகள் எங்கே போகும் என்று மகள் கேட்டாள். அதைத்தான் அவரும் யோசித்து வைத்திருந்தார்.

இந்தத் தையில் போன் செய்திருந்தார். மூன்று ஏக்கரில் இரண்டு ஏக்கருக்கு, நெல் நிற்கும்போதே உளுந்து தூவியாயிற்று. அறுக்க ஆள் பேசிவிட்டாராம், மிஷின் வேண்டாம் என்று. ஏரியில் ஒரு நனைப்புக்குத்தான் தண்ணீர் இருக்கிறது, அதனால் நவரை இல்லை. மேட்டுப் பக்கத்து ஒரு ஏக்கரைக் கிடைக்கு விட்டு வைத்திருக்கிறார். "பாப்பாவைப் பங்குனில கூட்டியா, உளுந்து பறிக்கலாம்" என்றார்.